லைப்ரரி சயின்ஸ் படிக்கப் போகும் தங்கைக்கு

டிகிரி முடித்துவிட்டு, "அக்கா, நான் லைப்ரரி சயின்ஸ் சேரலாமா?" என்று யார் வந்து கேட்டாலும், பதிலுக்கு நான் கேட்பது ஒரே கேள்விதான். எந்த நூலகத்தில் உட்கார ஆசைப்படுகிறாய்? உன்னிடமும் அதையே கேட்கிறேன். இந்தப் படிப்பில் எங்கே சேர்வது, நேரடியா தொலைநிலையா, எதில் ப்ராஜெக்ட் செய்வது, எந்தப் பரீட்சைக்குத் தயாராவது எல்லாமே அந்த ஒரு பதிலைப் பொறுத்தது. அதை முடிவு செய்யாமல் சேர்ந்துவிட்டு, கையில் பட்டம் வந்த பிறகு வேலை அறிவிக்கைகளைப் புரட்டுகிறவர்கள்தான் அதிகம்.

தமிழ்நாட்டில் உனக்கு முன்னால் இருக்கும் வாசல்களைச் சொல்கிறேன். முதலாவது பொது நூலகத் துறை. 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் கீழ் இயங்குவது. நம் வீட்டுச் சொத்து வரியோடு கட்டும் நூலக வரிதான் அதற்கு ஆதாரம். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் என்று ஊர் ஊராக இருக்கிறது. நூலகப் பணிகளுக்கென்று டி.என்.பி.எஸ்.சி. தனியாகத் தேர்வு வைக்கிறது. இரண்டாவது பள்ளிக்கூடம். கேந்திரிய வித்யாலயா மாதிரிப் பள்ளிகளில் நூலகர் பணிக்கு இளநிலை நூலக அறிவியல் பட்டம் போதும். மூன்றாவது கல்லூரி, பல்கலைக்கழகம். அங்கே முதுநிலைப் பட்டத்தில் குறைந்தது 55 சதவீதம் வேண்டும். நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சி, இல்லையென்றால் விதிப்படி வாங்கிய முனைவர் பட்டம் வேண்டும். நான்காவது, சுவடிகளும் அரிய நூல்களும் இருக்கும் ஆய்வு நூலகங்கள். தஞ்சாவூர் சரஸ்வதி மகால், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவை. இடங்கள் குறைவுதான். ஆனால் பழைய தமிழ் அச்சும் ஓலையும் வாசிக்கத் தெரிந்தவர்களும் குறைவுதான். உனக்குத் தமிழ் இலக்கியப் பின்னணி இருந்தால் இந்த வாசலைக் கவனி.

சம்பளத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அரசு, அரசு உதவி பெறும் நிறுவனங்களில் பேராசிரியர்களுக்கு இணையான ஊதிய விகிதம்வரை உண்டு. தனியார் கல்லூரி, பள்ளிகளில் தொடக்கச் சம்பளம் மனசைச் சங்கடப்படுத்தும் அளவுக்குக் குறைவாக இருக்கும். அதனால்தான் சேரும்போதே பரீட்சையையும் மனசில் வைத்துக்கொள் என்கிறேன்.

ஒரு வருஷமா, இரண்டு வருஷமா?

எந்தப் பாடத்தில் டிகிரி வாங்கியிருந்தாலும் இந்தத் துறைக்குள் வரலாம். கணிதம், வணிகவியல், தமிழ், நர்சிங் எதுவும் தடையில்லை. வழி இரண்டு. ஒன்று, முதலில் ஒரு வருஷம் பி.எல்.ஐ.எஸ். என்னும் இளநிலைப் பட்டம், அதன் பிறகு ஒரு வருஷம் எம்.எல்.ஐ.எஸ். என்னும் முதுநிலைப் பட்டம். மற்றொன்று, நேராக இரண்டு வருஷ ஒருங்கிணைந்த எம்.எல்.ஐ.எஸ். இரண்டும் கடைசியில் முதுநிலைப் பட்டம்தான். கல்லூரி நூலகராக வேண்டும் என்று தீர்மானமாக இருக்கிறவளுக்கு ஒருங்கிணைந்த படிப்பு வசதி; ஒரே இடத்தில், ஒரே ஆசிரியர்களிடம், அலைச்சல் இல்லாமல் முடியும். பள்ளி வேலையும் பார்க்கலாம் என்று நினைக்கிறவள் பி.எல்.ஐ.எஸ். வழியில் போவது நல்லது. சில அறிவிக்கைகளில் இளநிலை நூலக அறிவியல் பட்டம் என்றே அச்சாகியிருக்கும். ஒருங்கிணைந்த முதுநிலை வைத்திருப்பவர்கள் சான்றிதழ் சரிபார்ப்பில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும். வீட்டுச் சூழல் எப்படி மாறும் என்று தெரியாதவளுக்கும் இந்த வழிதான் பாதுகாப்பு. நடுவில் நிற்க நேர்ந்தாலும் ஒரு முழுப் பட்டம் கையில் இருக்கும். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் வீடுகளில் இதை நான் தயங்காமல் சொல்வேன்.

எங்கே சேர்வது என்று கேட்டால், சென்னைப் பல்கலைக்கழகம், காரைக்குடி அழகப்பா, சிதம்பரம் அண்ணாமலை, திருச்சி பாரதிதாசன், சேலம் பெரியார் பல்கலைக்கழகங்களில் துறைகள் இருக்கின்றன. திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியிலும் இருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு சி.யு.இ.டி. முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பம் நீ கடைசி வருஷம் படித்துக்கொண்டிருக்கும்போதே, பொங்கலை ஒட்டித் திறந்து மூடிவிடும். ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒரு வருஷம் போச்சு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குறைவு, விடுதியும் உண்டு. அந்த ஒரு பரீட்சைக்கு உட்கார்ந்து படிப்பது வீண் போகாது.

நன்றாகப் படிக்கிற பிள்ளை, கம்ப்யூட்டர் பயமில்லை என்றால் பெங்களூரு இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருக்கும் டி.ஆர்.டி.சி.க்கு முயற்சி செய். 1962-இல் எஸ்.ஆர். ரங்கநாதன் தொடங்கிய பயிற்சி மையம் அது. நுழைவுத் தேர்வும் நேர்முகமும் உண்டு, சேர்ந்தவர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. தகவல்தொழில்நுட்பப் பக்கம் போக நினைப்பவளுக்கு அதைவிட நல்ல இடத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேலைக்குப் போய்க்கொண்டே, அல்லது கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படிக்க வேண்டியவளுக்கு இக்னோவும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. தொலைநிலையில் எந்தப் பல்கலைக்கழகமானாலும், நீ சேரும் ஆண்டுக்கு அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விக் குழுமம் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்திலேயே பார்த்து, அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள். ஐந்தாறு வருஷம் கழித்து வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் அது தேவைப்படும். இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று வருஷத்துக்கு இரண்டு தடவை சேர்க்கை நடக்கும். அசைன்மென்ட்டைக் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதே. செய்முறை வகுப்புகளுக்கு நேரில் போகத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்டு வாங்கிக்கொள்வது பற்றி வீட்டில் முதலிலேயே பேசிவிடு.

விண்ணப்பத்துக்கான காகிதங்கள் எல்லாரும் சொல்வதுதான்: மதிப்பெண் பட்டியல்கள், ப்ரொவிஷனல், டி.சி., சாதிச் சான்றிதழ். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தால் மைக்ரேஷன் சான்றிதழ் கேட்பார்கள். அது கைக்கு வர நாளாகும், முன்கூட்டியே போட்டுவிடு. ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் மூன்றிலும் உன் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று இப்போதே பார். மாறியிருந்தால் சேர்வதற்கு முன்பே சரிசெய்துவிடு.

நேர்முகத்துக்குப் போகும் முன்

நேர்முகத்தில் "ஏன் இந்தப் படிப்பு?" என்று கட்டாயம் கேட்பார்கள். "எனக்குப் புத்தகம் படிக்கப் பிடிக்கும்" என்ற பதிலை அன்றைக்கு அவர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். அதற்குப் பதிலாக உன் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு வாரம் போய் உட்கார். காலையில் பேப்பர் படிக்க யார் வருகிறார்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் எந்த மேஜையைப் பிடிக்கிறார்கள், ஒரு அம்மா புத்தகம் கேட்டு இல்லையென்று திரும்புகிறாரா, எந்தப் புத்தகத்தைக் கேட்டார் என்பதையெல்லாம் குறித்துக்கொள். நூலகரிடம் சொல்லிவிட்டு, திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்க உதவி செய். நீ பார்த்த இரண்டு விஷயத்தைச் சொன்னாலே, இந்தப் பெண் யோசித்துத்தான் வந்திருக்கிறாள் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

ரங்கநாதனைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். 1892-இல் சீர்காழியில் பிறந்தவர், கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார்; லண்டன் போய்ப் பயிற்சி எடுத்து வந்தார். நூலக அறிவியலின் ஐந்து விதிகளைச் சொன்ன நூல் 1931-இல் வந்தது, கோலன் பகுப்பு முறை 1933-இல். இந்த நான்கு ஆண்டுகளை ஒப்பிப்பதோடு நிற்காதே. ஐந்து விதிகளில் ஒன்றை எடுத்து, நீ கிளை நூலகத்தில் பார்த்த ஒரு காட்சியோடு சேர்த்துச் சொல். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது நான்காவது விதி. அலமாரியில் மாற்றி அடுக்கிய ஒரு புத்தகத்துக்காகக் கல்லூரிப் பையன் ஒருவன் அரைமணி நேரம் தேடியதை நீ பார்த்திருந்தால், அதைச் சொன்னாலே போதும்.

வகுப்பு தொடங்கியதும்

சேர்ந்த பிறகு தியரி பேப்பர்கள் உன்னைப் பயமுறுத்தாது. மேலாண்மை, தகவல் மூலங்கள், நூலகமும் சமுதாயமும் எல்லாம் படித்து எழுதிவிடலாம். பிள்ளைகள் தடுமாறுவது பகுப்பாக்கம், பட்டியலாக்கம் இரண்டின் செய்முறையில்தான். அது கையால் போட்டுப் போட்டுப் பழக வேண்டிய பாடம். பரீட்சைக்கு முந்தின வாரம் உட்கார்ந்தால் ஏறாது.

ஒரு உதாரணம் பார்ப்போம். 'தமிழ்நாட்டில் பொது நூலகங்கள்' என்ற தலைப்புக்கு டியூயி பகுப்பு முறையில் எண் போடச் சொல்கிறார்கள். உனக்குக் கொடுத்திருக்கும் தொகுதிகளில் முதலில் பொது நூலகத்தைத் தேடுகிறாய்: 027.4. அதற்குக் கீழே, இடத்துக்கான எண்ணை அட்டவணை இரண்டிலிருந்து எடுத்துச் சேர் என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்த அட்டவணையில் இந்தியா 54, தமிழ்நாடு 5482. ஒட்டினால் 027.45482. இதில் திறமை என்பது எண்ணை மனப்பாடம் செய்வதில் கிடையாது. சேர் என்ற அந்தச் சின்னக் குறிப்பைத் தவறாமல் படிப்பதில்தான் இருக்கிறது. இலக்கியத்தில் இன்னும் கவனம் வேண்டும். தமிழ் இலக்கியம் 894.811. கவிதையென்றால் கடைசியில் 1 சேர்ந்து 894.8111, புனைகதையென்றால் 894.8113. தமிழ்ப் புனைகதையின் வரலாறும் திறனாய்வும் என்று வந்துவிட்டால் இரண்டு பூஜ்யம் வர வேண்டும்: 894.8113009. ஒரு பூஜ்யத்தை விட்டால் மதிப்பெண்ணும் போய்விடும். வேலைக்கு வந்த பிறகு அதே தப்பைச் செய்தால் அந்தப் புத்தகம் தவறான தட்டில் போய் உட்கார்ந்து, யார் கண்ணிலும் படாமலே கிடக்கும்.

தினமும் ஐந்து தலைப்பு, அதற்கு மேல் வேண்டாம். துறை நூலகத்தில் போய் உட்கார்ந்து போடு. போட்ட எண்ணை அங்கேயே அலமாரியில் இருக்கும் புத்தகத்தின் முதுகோடு ஒப்பிட்டுப் பார். உன் பல்கலைக்கழகம் பரீட்சைக்கு டியூயியின் எத்தனையாவது பதிப்பைக் கொடுக்கிறது என்று முதல் வாரமே கேட்டுவிடு. சில இடங்களில் இன்னும் பழைய பதிப்புதான். வேறு பதிப்பில் பழகினால் பரீட்சை அறையில் பக்கம் கிடைக்காமல் நேரம் போகும்.

கோலன் முறை முதலில் புதிர் மாதிரித் தோன்றும். ஆனால் அதுதான் யோசிக்கக் கற்றுக்கொடுக்கும். 1950-களில் இந்தியாவில், நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை தருவது பற்றி நடந்த ஆராய்ச்சி என்று ஒரு தலைப்பு. ரங்கநாதன் அதைத் துண்டு துண்டாகப் பிரிப்பார். மருத்துவம் ஒரு எழுத்து, நுரையீரல் 45, காசநோய் 421, சிகிச்சை 6, எக்ஸ்ரே 253, இந்தியா 44. பிரித்ததைக் காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி வைத்து ஒழுங்காகக் கோப்பார். ஒரு தலைப்பில் எத்தனை விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன என்று பார்க்கும் பழக்கம் இதில் வரும். பிறகு வாசகர் ஒருவர் வந்து தெளிவில்லாமல் எதையோ கேட்கும்போது, அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று பிரித்துக் கேட்க உனக்குத் தெரிந்திருக்கும். எண் போடும் வேலையை இனி கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும், இதையெல்லாம் ஏன் படிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே.

பட்டியலாக்கத்தில் மார்க் 21 குறியீடுகளை முதல் மாதத்திலேயே கைப்பழக்கமாக்கு. ஆசிரியர் 100, தலைப்பு 245, வெளியீட்டு விவரம் 264, பக்க அளவு 300, பொருள் தலைப்பு 650, ஐ.எஸ்.பி.என். 020. இவை தெரிந்தால் கோஹா என்ற நூலக மென்பொருள் தானாக வசப்படும். கோஹா இலவசம், நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றிலும் இப்போது அதுதான் ஓடுகிறது. லினக்ஸ் போட்ட ஒரு பழைய லேப்டாப் போதும். வீட்டில் இருக்கும் உன் புத்தகங்களையே அதில் ஏற்று. ஆங்கிலப் புத்தகமென்றால் ஐ.எஸ்.பி.என். கொடுத்ததும் வெளிநாட்டு நூலகத்திலிருந்து பதிவு வந்து விழும். தமிழ்ப் புத்தகத்துக்கு அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் பதிவு கிடைத்தாலும் தலைப்பு ரோமன் எழுத்தில் இருக்கும். நீயே யூனிகோடில் தமிழில் அடித்துச் சேர்க்க வேண்டும். வேலைக்கான நேர்முகத்தில் "கோஹா தெரியுமா?" என்றால் "பாடத்தில் இருந்தது" என்பதற்கும், "எங்கள் வீட்டுப் புத்தகங்களை முழுக்க ஏற்றியிருக்கிறேன், பார்கோடும் எடுத்திருக்கிறேன்" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நீயே யோசித்துக்கொள்.

நோட்ஸுக்குப் பணம் செலவழிக்காதே. இக்னோவின் நூலக அறிவியல் பாடநூல்கள் இ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, இ-பி.ஜி. பாடசாலாவில் முதுநிலைப் பாடங்கள் இருக்கின்றன. நேரடி வகுப்பில் படிப்பவளும் இவற்றைப் படிக்கலாம்.

ப்ராஜெக்ட்

இதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் எடுக்கும் தலைப்பு, 'இன்ன கல்லூரி மாணவர்களிடையே மின்வளங்களின் பயன்பாடு'. ஒரு கேள்வித்தாள், கூகுள் ஃபார்ம், சதவீத அட்டவணைகள், முடிந்தது. ஊர்ப் பெயரை மாற்றினால் அதே ஆய்வு பத்து இடத்தில் கிடைக்கும். சந்தேகமென்றால் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் ஷோத்கங்காவில் தேடிப் பார். அங்கே முனைவர் பட்ட ஆய்வுகளிலேயே இந்தத் தலைப்பு வரிசை கட்டி நிற்கும்.

நீ எடுக்க வேண்டியது உன்னால் மட்டும் செய்ய முடிந்த ஒன்று. தமிழ் தெரிந்த நூலக மாணவி என்பதே உன் பலம். ஒரு தமிழ் எழுத்தாளரின் பெயர் நம் நூலகப் பட்டியல்களில் எத்தனை விதமாகப் பதிவாகியிருக்கிறது என்று பார். ஜெயகாந்தனை ஒரு இடத்தில் ஆங்கிலத்தில் 'ஏ' போட்டு எழுதியிருப்பார்கள், இன்னொரு இடத்தில் 'இ' போட்டு. இனிஷியல் முன்னால் ஒரு பதிவு, பின்னால் ஒரு பதிவு. தேடுகிற வாசகருக்கு அதனால் எத்தனை புத்தகங்கள் கண்ணில் படாமல் போகின்றன என்று எண்ணிக் காட்டினால் அது ஒரு நல்ல முதுநிலை ஆய்வு. உன் மாவட்டத்தில் நின்றுபோன ஒரு சிற்றிதழின் இதழ்களைத் தேடிச் சேர்த்து முழுப் பொருளடைவு தயாரிக்கலாம். ஒரு கிராமத்து நூலகத்தில் பெண்கள் ஏன் வருவதில்லை என்று, வராத பெண்களிடமே வீடு வீடாகப் போய்க் கேட்கலாம். நூலகத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களிடம் மட்டும் கேள்வித்தாள் கொடுத்தால் வராதவர்களின் பதில் உனக்குக் கிடைக்கவே கிடைக்காது.

கைடிடம் தலைப்பை வாயால் சொல்லாதே. ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போ: என்ன கேள்வி, யாரிடம், எங்கே, எத்தனை மாதத்தில். மறுத்தால் காரணத்தைக் கேட்டு, தலைப்பைச் சுருக்கிக்கொண்டு மறுபடி போ. படித்த கட்டுரைகளை முதல் நாளிலிருந்தே ஜொட்டிரோ என்ற மேற்கோள் மென்பொருளில் போட்டு வை. கடைசியில் மேற்கோள் பட்டியலுக்காக ராத்திரி கண்விழிக்க வேண்டாம். சமர்ப்பிக்கும் முன் கருத்துத் திருட்டுச் சோதனை இருக்கும். சொந்த வாக்கியத்தில் எழுதியவளுக்கு அதில் பயமில்லை.

நெட்

முதுநிலைக் கடைசி வருஷத்தில் இருக்கும்போதே நெட் எழுதலாம். அந்த வாய்ப்பை விடாதே. வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறது. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100. மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பு இல்லை. அதனால் ஒரு கேள்வியையும் விடாமல் குறித்துவிட்டு வா. பாடம் சூடாக இருக்கும்போது இரண்டாம் தாள் எளிது. நம் பிள்ளைகளை இழுத்துவிடுவது முதல் தாள்தான். அதில் வரும் கணக்கு, தர்க்கம், தரவு விளக்கக் கேள்விகளைத் தினமும் கொஞ்சம் போட்டுப் பழகு. பழைய கேள்வித்தாள்கள் தேர்வை நடத்தும் என்.டி.ஏ. தளத்தில் இருக்கின்றன. ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முனைவர் பட்ட ஆய்வுக்கு மாத உதவித்தொகையோடு போகலாம். வீட்டில் "இன்னும் எத்தனை நாள் படிப்பு?" என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

படிப்பு முடிந்ததும் உடனே நிரந்தர வேலை கிடைக்காவிட்டால் கலங்காதே, வீட்டிலும் உட்காராதே. ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். போன்ற நிறுவனங்களின் நூலகங்கள் புதிதாகப் படித்து முடித்தவர்களைப் பயிற்சியாளராக எடுப்பதுண்டு. உதவித்தொகை பெரிதாக இருக்காது; ஆனால் பெரிய நூலகம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று அங்கேதான் தெரியும். கவுன்டர், புத்தகக் கொள்முதல், இதழ்ப் பிரிவு என்று எல்லாப் பிரிவிலும் சுற்றிப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கு. ஸ்டிக்கர் ஒட்டும் வேலையிலேயே மாதக்கணக்கில் நிற்காதே. அந்த அறிவிப்புகள் செய்தித்தாளில் பெரிதாக வராது, அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு மூலையில் இருக்கும். கடைசி செமஸ்டர் தொடங்கியதிலிருந்தே வாரத்துக்கு ஒரு தடவை திறந்து பார்.